முதுகில் அப்பாவின் பெயர்

நவம்பர் 4

இந்த வருஷமும் தமிழிலேயே எழுதுகிறேன். அறைத்தோழி டெலேனி நல்லவள்தான். ஆனால் மேஜைமேல் கிடக்கிற எதையும் எடுத்துப் படிக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. மார்த்தாண்டத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த தமிழும், அமெரிக்கா வந்த பிறகு வீட்டு ஜெபத்தில் வேதாகமம் வாசித்து வந்த தமிழும் இதற்குப் போதும்.

கல்லூரியில் நான்காம் வருஷம். கூடைப்பந்து அணியில் மூன்று வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கைதட்டியாயிற்று. போன ஏப்ரலில் கோச் வார்னர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, இனி பாயிண்ட் கார்டு இடம் உன்னுடையது என்றார். பந்தை மேலே கொண்டுபோய், யார் எங்கே ஓட வேண்டும் என்று கைகாட்டி, ஆட்டத்தை நடத்துகிற இடம் அது. என் உயரத்துக்கு இந்த அணியில் வேறு இடமும் கிடையாது. இதே அணியில் ஆடுகிற டெலேனியின் தோளைத்தான் நான் எட்டுவேன்.

கோடையெல்லாம் கணுக்காலில் கட்டோடு திரிந்த முதல் வருஷப் பெண் மாரிசெல் இன்றுதான் எங்களோடு ஓடினாள். கலிபோர்னியாவிலிருந்து வந்த பிலிப்பைன்ஸ் குடும்பத்துப் பெண். என் உயரம், ஏறக்குறைய என் நிறம், என்னைப்போலவே குதிரைவால். அவளும் பாயிண்ட் கார்டுதான்.

நன்றாக ஆடுகிறாள். அதற்கென்ன.

மீன் மசாலா தீர்ந்துவிட்டது. அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

நவம்பர் 8

நேற்று முதல் ஆட்டம். ஜெயித்தோம். அறிமுகம் செய்த அறிவிப்பாளர் என்னை "பியூலா செல்லடோரே" என்றார். இத்தாலியப் பாடகி மாதிரி இருந்தது.

இங்கே எல்லோருக்கும் குடும்பப் பெயர் இருக்கிறது. எனக்கு இருப்பது அப்பாவின் பெயர். அதனால் ஜெர்சியின் முதுகில் செல்லத்துரை என்று அப்பாவைச் சுமந்துகொண்டு ஓடுகிறேன். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "கழுவும்போது பாத்துக் கழுவு" என்று மட்டும் சொன்னார்.

இன்று மாணவர் பத்திரிகை வந்தது. நான் பந்தோடு ஓடுவதாகப் போட்டிருந்த படத்தில் இருந்தது மாரிசெல். கீழே என் பெயர். அவள் அதைக் கத்தரித்து எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்து, உன் பெயரில் நான் அழகாக இருக்கிறேன் அல்லவா என்று கேட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பத்திரிகைக்காரப் பையனுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அரை மணியில் மன்னிப்புக் கேட்டு இணையத்தில் திருத்தினான். இப்போது என் படம் இருக்கிறது. கீழே அவள் பெயர்.

நவம்பர் 23

வெளியூர் ஆட்டம். பேருந்தில் ஐந்து மணி நேரம். விளையாட்டரங்கின் பின்வாசலில், வீராங்கனைகள் உள்ளே போகிற கதவில், ஒரு காவலர் நின்றிருந்தார். டெலேனி போனாள், மற்றவர்கள் போனார்கள். நான் வந்ததும் கையை நீட்டி மறித்து அடையாள அட்டை கேட்டார். பின்னால் வந்த மாரிசெல்லிடமும் கேட்டார். அணியின் பைதான் தோளில் தொங்குகிறது. அணியின் சட்டைதான் போட்டிருக்கிறோம். தண்ணீர், துண்டு பார்த்துக்கொள்கிறவர்களுக்கு வேறு வாசல் என்றார்.

அட்டைகள் பேருந்தில் இருந்தன. கோச் திரும்பி வந்து சொல்லும்வரை வெளியே நின்றோம். பனி விழுந்துகொண்டிருந்தது. நான்காம் வருஷம் ஆனதால் எனக்குப் பழக்கம்தான். அவளுக்கு உதடு நடுங்கியது; குளிரால்தான் என்று நினைத்தேன். என் கையுறைகளில் ஒன்றைக் கொடுத்தேன். இரண்டையும் கொடுத்திருந்தால் என் கை விறைத்திருக்கும்.

நிற்கிற நேரத்தில் அவள் ஊர்க் கதை சொன்னாள். அவள் தெருவில் வீட்டுக்கு வீடு கூடை உண்டாம். பாட்டிமார்கூட ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பந்து போடுவார்களாம். அவள் அம்மாவும் என் அம்மாவைப்போல நர்ஸ். மூத்த பெண்களை அவர்கள் மொழியில் 'ஆத்தே' என்று கூப்பிடுவார்களாம், அக்கா என்று அர்த்தம். என்னையும் அப்படிக் கூப்பிடலாமா என்று கேட்டாள். தமிழில் ஆத்தே என்றால் பயந்து அலறுகிற சத்தம் என்று சொன்னேன். அப்படியானால் இன்னும் பொருத்தம் என்றாள்.

அது முதல் ஆத்தேதான்.

டிசம்பர் 6

இன்றைய ஆட்டத்தில் என்னை உட்காரவைத்துவிட்டு மாரிசெல்லை முதலில் இறக்கினார் கோச். அவள் என்னைவிட வேகம், அது உண்மை. ஆட்டத்துக்கு முன் அவள் கணுக்காலுக்குப் பட்டை சுற்ற ஆள் இல்லை, நான் சுற்றிவிட்டேன். எனக்கு அதில் கை பழகியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஜெயித்தோம்.

டிசம்பர் 7

துணி துவைத்தேன். அறையைப் பெருக்கினேன். குளிர்பெட்டியைத் துடைத்தேன். டெலேனியின் காலணிகளையும் துடைத்து வைத்தேன்.

டிசம்பர் 26

வீட்டில் இரண்டு நாள். அம்மாவுக்குக் கிறிஸ்துமஸ் அன்றும் மருத்துவமனையில் டியூட்டி. அப்பாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். கேக் ஒன்றை நான்தான் சுட்டேன், நடுவில் வேகவில்லை. மூவரும் ஓரங்களைத் தின்றோம்.

அப்பா என் படிப்பைப்பற்றிக் கேட்டார். கார் டயரைப்பற்றிக் கேட்டார். பந்தைப்பற்றிக் கேட்கவில்லை. முதல் வருஷம் ஒரே ஒரு ஆட்டத்துக்கு வந்தார், நான்கு மணி நேரம் வண்டி ஓட்டி. பாதியில் நிமிர்ந்து பார்த்தபோது அவர் இருக்கை காலியாக இருந்தது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று பிறகு அம்மா சொன்னாள். அதன்பிறகு வரவே இல்லை. எல்லா அப்பாக்களுக்கும் விளையாட்டு பிடிக்க வேண்டும் என்று சட்டமில்லை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது.

பெஞ்சில் உட்காருகிறேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை. கேட்கவில்லை, சொல்லவில்லை.

ஜனவரி 11

இப்போதே எழுதிவிடுகிறேன்.

வெளியூர் ஆட்டம். எங்கள் பிரிவில் பலமான அணி, அவர்கள் மைதானம். மூன்றாம் கால்பகுதி முடியும்வரை நாங்கள்தான் முன்னால். எங்கள் பெஞ்சுக்கு எதிரே, கூடைக்குப் பின்னால், அந்தக் கல்லூரி மாணவர்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் நாலைந்து பேர் மாரிசெல்லைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் பந்தைத் தொடும்போதெல்லாம் மூக்கால் இழுத்து ஏதோ ஒரு மொழிபோலச் சத்தம் போட்டார்கள். எங்கள் நகத்தை எப்போது வெட்டிவிடப் போகிறாய் என்று ஒருவன் கத்தினான்; ஆசிய முகம் என்றாலே அழகுக்கடையில் நகம் வெட்டுகிறவள் என்ற நினைப்பு. திரும்பிப் போ என்றான் இன்னொருவன். எங்கே போவாள்? கலிபோர்னியாவுக்கா?

கூட்டம் கத்துவது ஆட்டத்தின் பகுதிதான். குட்டை என்று கத்தட்டும், குருடு என்று கத்தட்டும். இது அதுவல்ல. எனக்கு அது தெரியும், என் தோலுக்குத் தெரியும்.

அவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. யாரும் தடுக்காமல், கோட்டில் நின்று போடுகிற பந்து. பயிற்சியில் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். இரண்டும் வெளியே போயின. பெஞ்சின் பக்கம் திரும்பினாள். கோச்சைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

நடுவரிடம் சொல்லுங்கள் என்று கோச்சிடம் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம், இந்தப் பகுதி முடியட்டும், அப்புறம் பேசுகிறேன் என்றார் அவர். முடிய இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. மறுபடி அந்தச் சத்தம். இப்போது பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

எழுந்தேன். எழுந்தது நினைவில்லை, நடந்தது நினைவிருக்கிறது. கோட்டைத் தாண்டி நடுவர் முன்னால் போய் நின்று, கூட்டத்தைக் கைகாட்டிச் சொன்னேன்.

"அந்தப் பசங்க என்ன சொல்றாங்கன்னு உங்களுக்குக் கேக்குது. கேக்கலைன்னா ஆட்டத்தை நிறுத்திட்டு என்கூட வந்து கேளுங்க."

உட்கார் என்றார். உட்காரவில்லை. மறுபடி சொன்னேன், இன்னும் சத்தமாக. அரங்கம் அடங்கிப்போனது. விசில் ஊதி இரண்டு கைகளையும் சேர்த்து 'டி' காட்டினார். டெக்னிக்கல் ஃபவுல். எதிரணிக்கு இரண்டு இலவசப் பந்து. இரண்டும் உள்ளே விழுந்தன.

ஆனால் அந்த நடுவர் அதோடு விடவில்லை. எனக்குத் தண்டனை கொடுத்துவிட்டு, ஆட்டத்தை நிறுத்தி, அரங்கப் பொறுப்பாளரைக் கூப்பிட்டார். மூன்று பேரை வெளியே அழைத்துப் போனார்கள். போகும்போதும் ஒருவன் சிரித்துக்கொண்டே போனான்.

மாரிசெல் அதன்பிறகு ஒரு பந்தையும் விடவில்லை. ஆனாலும் ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம்.

பேருந்தில் யாரும் என்னோடு பேசவில்லை. எல்லோருக்கும் கணக்குத் தெரியும். நான் கொடுத்தது இரண்டு, தோற்றது ஒன்றில். மாரிசெல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தூங்கிப்போனாள். என் தோள் மரத்துப்போயிற்று. அசைந்தால் எழுந்துவிடுவாள் என்பதால் அசையவில்லை.

முட்டாள்தனம்தான் செய்தேன். யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வேன்.

ஜனவரி 12

கோச் கூப்பிட்டார். அடுத்த ஆட்டத்துக்கு நான் சீருடை போடக் கூடாது. பெஞ்சைவிட்டு எழுந்து போனதற்காக, சொன்னதற்காக அல்ல என்றார். சரி என்றேன். கதவருகே போனபோது, அதை நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும் பியூலா என்றார். அவர் குரல் அப்படித் தாழ்ந்து நான் கேட்டதில்லை. அதற்கும் சரி என்றேன்.

மத்தியானம் அம்மா போன் செய்தாள். யாரோ படம்பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள், மருத்துவமனையில் கூட வேலை செய்கிற நர்ஸ் காட்டினாளாம். திட்டு விழும் என்று காத்திருந்தேன். ஆனால் அம்மா, "அப்பா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துட்டிருக்காரு மக்ளே" என்றாள்.

அதன்பிறகு அந்த முதல் வருஷக் கதையைச் சொன்னாள். அன்றைக்கு அப்பா போனது ஷிப்டுக்கு அல்ல. வீராங்கனைகளின் குடும்பத்தாருக்கு ஒதுக்கிய வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தபோது ஒருவர் வந்து, இது குடும்பத்தாருக்கு, உணவுக்கடை ஆட்கள் இங்கே உட்காரக் கூடாது என்றிருக்கிறார். அப்பா தொழிற்சாலைச் சட்டையில் வந்திருந்தார். என் மகள் ஆடுகிறாள் என்று சொல்ல வாயெடுத்திருக்கிறார். அவர் வாயிலிருந்து ஆங்கிலம் வருவதற்குள் அந்த மனிதர் வாசலைக் காட்டியிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். எழுந்து வந்துவிட்டார். மறுபடி போய் அங்கே ஏதாவது நடந்தால் மகளுக்கல்லவா கேவலம் என்று பிறகு வரவேயில்லை.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லாண்டாம்னு சொன்னாரு. நீ சந்தோஷமா ஆடட்டும்னு."

போனை வைத்த பிறகு அரிசி களைந்து வைத்தேன். அடுப்பைப் பற்றவைக்க மறந்துவிட்டேன். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

ஜனவரி 15

சாதாரண உடையில் பெஞ்சின் ஓரம். ஜெயித்தோம். மாரிசெல் பதினெட்டுப் புள்ளி. ஒவ்வொரு டைம் அவுட்டிலும் நேராக என்னிடம் வந்து, ஆத்தே, என்ன பார்த்தாய் என்று கேட்டாள். பார்த்ததைச் சொன்னேன்.

ஜனவரி 24

பயிற்சி. முதல் அணிக்கும் இரண்டாம் அணிக்கும் ஆட்டம். இரண்டாம் அணியில் ஒருத்திக்குக் காய்ச்சல். ஆள் குறைந்ததால் மாரிசெல்லை என் பக்கம் தள்ளினார் கோச். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் ஆடியது இதுதான் முதல் தடவை. இவ்வளவு நாளும் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு இடம்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். நானும்.

நான் பந்தைக் கொண்டுபோனேன், அவள் ஓடினாள். எங்கே வருவாள் என்று எனக்குத் தெரிந்தது. எப்போது கொடுப்பேன் என்று அவளுக்குத் தெரிந்தது. முதல் அணி திணறியது. டெலேனி இடுப்பில் கைவைத்து நின்று, உங்களில் யார் எவள் என்றே புரியவில்லை என்று மூச்சு வாங்கினாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உணர்ந்து முகம் சிவந்தாள். நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான் சிரித்து நாளாகியிருந்தது.

நாளைக்கும் நீங்கள் இருவரும் ஒரே பக்கம்தான் என்றார் கோச்.

பிப்ரவரி 8

ஜனவரியில் எங்களைத் தோற்கடித்த அதே அணி, இந்தத் தடவை எங்கள் மைதானத்தில்.

உடம்பைச் சூடாக்கிக்கொள்ள ஓடிக்கொண்டிருந்தபோது பார்த்தேன். குடும்பத்தார் வரிசையில், நட்டநடுவில், அப்பா. ஞாயிற்றுக்கிழமைக் கோயில் உடுப்பு: வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, பளபளக்கிற தோல் காலணி. பக்கத்தில் பட்டுப்புடவைக்குமேல் குளிர்க்கோட்டு போட்ட அம்மா. அதற்குப் பக்கத்தில் கலிபோர்னியாவிலிருந்து விமானத்தில் வந்திருந்த மாரிசெல்லின் அம்மா. இரண்டு நர்ஸ்களும் அதற்குள் இரவு டியூட்டியைப்பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார். எவனாவது வந்து கேட்கட்டும் என்று காத்திருப்பதுபோல.

யாரும் கேட்கவில்லை.

கோச் என்னையும் மாரிசெல்லையும் ஒன்றாக இறக்கினார். ஆட்டத்தை முழுதாக எழுத முடியாது, அவ்வளவு வேகம். கடைசிப் பகுதியில் எதிராளி கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்து, தனியாக ஓடி, நானே கூடைக்குள் போட்டேன். நாங்கள் முன்னால் வந்த புள்ளி அதுதான். கீழே விழுந்து எழுந்தபோது எங்கள் மாணவர்கள் கத்தத் தொடங்கியிருந்தார்கள். செல்-லத்-துரை, செல்-லத்-துரை. காலால் தரையை உதைத்து, கைதட்டி, ஒரு எழுத்தும் பிசகாமல். டெலேனி போன வாரம் முழுக்க மாணவர் விடுதிகளில் போய்ச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அரங்கமே அப்பாவின் பெயரைச் சொல்கிறது. அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். அம்மா அவர் முழங்கையை இடித்தாள். அவர் மெதுவாக எழுந்து, யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்வதுபோலக் கையை உயர்த்தினார்.

ஏழு புள்ளியில் ஜெயித்தோம்.

வாகன நிறுத்தத்தில் அப்பா என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் சொன்னார்.

"நான் அன்னைக்கு ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சு வந்துட்டேன். நீ எந்திரிச்சுப் போய்ச் சொல்லிட்ட."

"அதனாலதான்ப்பா தோத்தோம்."

"தோத்தா தோக்கட்டும் மக்ளே."

கண்ணில் வியர்வை இறங்கிவிட்டது. பிப்ரவரிக் குளிரில் வியர்வை.

மார்ச் 8

பிரிவுப் போட்டியின் அரையிறுதி. தோற்றோம்.

எழுதும்போது வலிக்கும் என்று நினைத்தேன். அவ்வளவு வலிக்கவில்லை. அந்த அணி எங்களைவிடப் பலம், எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கடைசி நிமிஷம் வரை அவர்களைத் தூங்கவிடவில்லை. நான் ஒரு நொடிகூட வெளியே உட்காரவில்லை. மாரிசெல்லும் உட்காரவில்லை. கடைசி விசில் ஊதியதும் எதிரணியின் கோச் என்னிடம் வந்து கைகொடுத்து, எங்கள் பெண்களுக்கு நீ ஆடுகிற படத்தைப் போட்டுக் காட்டித்தான் இந்த வாரம் முழுக்கப் பயிற்சி கொடுத்தேன் என்றார். என்னைத் தடுப்பதற்காக ஒரு வாரம். இதை மட்டும் பெருமையாகத்தான் எழுதுகிறேன், யார் படித்தாலும் படிக்கட்டும்.

உடை மாற்றும் அறையில் மாரிசெல் அழுதாள். அடுத்த வருஷம் யார் எனக்குப் பந்து கொடுப்பார்கள் என்று கேட்டாள். நீதான் கொடுக்க வேண்டும், புதிதாக ஒருத்தி வருவாள், பயந்துகொண்டு நிற்பாள், அவளுக்குக் கொடு என்றேன்.

குளித்து வெளியே வந்தபோது அரங்கம் காலி. துப்புரவு செய்கிறவர்கள் இருக்கைகளுக்கிடையே காகிதக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மாக்கள் இருவரும் வாசலில் நின்றிருந்தார்கள். அப்பாவைக் காணோம். உள்ளே திரும்பிப் பார்த்தேன்.

மைதானத்தின் நடுவில் நின்றிருந்தார். தோல் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறும் காலுறையோடு. கையில் ஒரு பந்து. எங்கிருந்து எடுத்தாரோ. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வருவதைக் கண்டதும் கூச்சத்தோடு கீழே வைக்கப் போனார். வைக்கவில்லை.

"இது எப்படி மக்ளே போடணும்?"

பதினொரு வருஷமாக ஆடுகிறேன். இந்தக் கேள்வியை அவர் கேட்டதில்லை. கூடைக்குப் பக்கத்தில் அழைத்துப்போய், முழங்காலை மடக்கி, விரல் நுனியால் தள்ளி, கையை அப்படியே மேலே நிறுத்துங்கள் என்றேன். போட்டார். வலையைக்கூடத் தொடவில்லை. துப்புரவு செய்கிற பெண் ஒருத்தி வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். விளக்கை அணைக்க வந்தவர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

"இன்னும் ஒரு மட்டம்" என்றார் அப்பா.

ஓடிப்போய்ப் பந்தை எடுத்து வந்து கொடுத்தேன். தவறிப்போனது. மறுபடி எடுத்து வந்து கொடுத்தேன். வாசலிலிருந்து அம்மா நேரமாகிறது என்று கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை. அவர் போட்டுக்கொண்டே இருந்தார். நான் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.